ராத்திரியையும் சேர்த்து பிடிக்கிற ஃப்ளாஷ்

எங்க கோத்தகிரி பக்கம் ராத்திரி விசேஷத்துல எடுத்த ஆல்பம் எதை பொரட்டினாலும் பெரும்பாலும் ஒரே கதைதான், முகமெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்துருக்கும், பின்னாடி கன்னங்கரேல்னு இருட்டு. ஆனா அன்னைக்கு அங்க நின்னவங்களுக்கு தெரியும், பின்னாடி சீரியல் லைட்டு தொங்குச்சு, தேயிலை சரிவுல மூடுபனி ஏறிட்டு இருந்துச்சு, வீட்டு ஜன்னல்ல எல்லாம் மஞ்சள் வெளிச்சம் இருந்துச்சு. அதெல்லாம் எங்க போச்சு? கேமரா 1/125 செகண்டுல திறந்து மூடிருச்சு, அதுக்குள்ள ஃப்ளாஷ் வெளிச்சம் உள்ள வந்துருச்சு, சீரியல் லைட்டுக்கு வந்து சேர நேரமே கிடைக்கல.

இதுக்கு வழிதான் ஸ்லோ சிங்க். ஃப்ளாஷும் அடிக்கணும், ஷட்டரும் கால் செகண்ட், அரை செகண்டுன்னு நிதானமா திறந்திருக்கணும், அவ்வளவுதான். 1/125ல இருந்து 1/4க்கு வந்தீங்கன்னா சுத்துப்பட்டு வெளிச்சம் கிட்டத்தட்ட 31 மடங்கு அதிகமா சேரும், ஆனா ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரு துளி கூட அதிகமாகாது. இதைத்தான் நல்லா மனசுல வாங்கிக்கணும். ஃப்ளாஷுக்குள்ள ஒரு கெப்பாசிட்டர் சுமார் 300 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி நிக்கும், பட்டனை அமுக்கினதும் அது மொத்தமா செனான் குழாய்க்குள்ள பாயும், ஃபுல் பவர்லயே அந்த பளிச் ஏறக்குறைய 1/1000 செகண்டுல முடிஞ்சு போகும். பவரை குறைச்சா வெளிச்சம் மங்கலா வரும்னு நினைப்போம், அப்படி இல்ல, பாதியிலயே கட் பண்ணிரும், அதனால இன்னும் சின்னதாகும், 1/10000க்கும் கீழ போகும். பளிச் முடிஞ்சப்புறம் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தா ஃப்ளாஷுக்கு என்ன?

அதனால ஒரே ஃப்ரேமுக்குள்ள ரெண்டு போட்டோ விழுது. ஃப்ளாஷ் எடுக்கிற போட்டோ ஒண்ணு, ஊரு வெளிச்சம் எடுக்கிற போட்டோ இன்னொண்ணு. ஷட்டரை மாத்தினா ரெண்டாவது மட்டும் மாறும், ஃப்ளாஷ் பவரை மாத்தினா முதல் மட்டும் மாறும், அபெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தோட அளவு, எஃப் நம்பர்ல சொல்றது) ஐஎஸ்ஓவும் (வெளிச்சத்துக்கு கேமரா காட்டுற உணர்திறன்) ரெண்டையும் சேர்த்து இழுக்கும். அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல ஹெரால்ட் எட்ஜர்டன் 1957ல எடுத்த பால் துளி கிரீடம், அதாவது பால் துளி விழுந்து கிரீடம் மாதிரி தெறிக்கிற படம் பார்த்திருப்பீங்க, அங்க உறைய வச்ச வேலை முழுக்க ஃப்ளாஷோடது. நாம அதே பளிச்சோட ராத்திரியையும் உள்ள விடுறோம்.

இதுக்கு படுகர் ஆட்டத்தை விட பொருத்தமான விஷயம் நான் பார்த்ததில்லை. ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல, கல்யாணம்னா ராத்திரி வட்டமா நின்னு ஆடுவாங்க, மெதுவா ஆரம்பிச்சு போகப் போக வேகம் எடுக்கும், உடுத்தியிருக்கிறது வெள்ளை. ஆடுற கை செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல போகுதுன்னு வச்சுக்கோங்க, கால் செகண்டுல அது 50 சென்டிமீட்டர் நகரும், ஃப்ளாஷ் எரியுற 1/1000 செகண்டுல வெறும் 2 மில்லிமீட்டர்தான். அப்போ விரல் நகம் வரைக்கும் கூர்மையா உறைஞ்சு நிக்கும், அதை சுத்தி அந்த 50 சென்டிமீட்டரும் பால் ஆவி மாதிரி ஒரு கோடா பரவும். என்கிட்ட ஒரு படம் இருக்கு, ஒரு அஜ்ஜி (பாட்டி) அடி எடுத்து வைக்கிறாங்க, துண்டு ஓரத்து நூல் கூட எண்ணலாம், அதே துண்டு ஒரு முழம் தள்ளி புகையா கரையுது, புகைக்குள்ள பின்னாடி தொங்குற பல்பு தெரியுது. கை ஒரே இடத்துல நிக்காததால அங்கங்க கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம்தான் பதியும், மீதி நேரம் பின்னாடி இருக்கிறது பதியும், அதான் ஊடுருவி தெரியுது.

அந்த புகை எந்த பக்கம் விழணும்கிறது ரொம்ப முக்கியம். ஷட்டர்னா ரெண்டு திரை, முதல் திரை முழுசா திறந்ததும் ஃப்ளாஷ் அடிச்சா ஆள் முதல்ல உறைஞ்சுருவாங்க, அப்புறம் நகர்றது முன்னாடி கோடா விழும், பார்க்க பின்னாடி நடக்குற மாதிரியே இருக்கும். ரெண்டாவது திரை மூடுறதுக்கு சற்று முன்னாடி அடிக்கிற ரியர் கர்ட்டன் போட்டா கோடு முதுகுக்கு பின்னாடி வரும், கண்ணுக்கு இயல்பா இருக்கும். ஃப்ளாஷ் பவரை கேமராவே முடிவு பண்ற டிடிஎல்ல வச்சா அளவு பார்க்க முதல்ல ஒரு குட்டி பளிச் வரும், போஸ் குடுக்கிறவங்க முடிஞ்சுதுன்னு நினைச்சு திரும்பிருவாங்க, நிஜ பளிச் அப்புறம்தான் வரும். முன்னாடியே சொல்லி வச்சிருங்க.

மேடையில டியூப் லைட்டும் ஃபோகஸ் லைட்டும் கொட்டிக் கிடக்குதுன்னா முயற்சி பண்ணாதீங்க. ஆள் மேல மத்த வெளிச்சம் அதிகமா இருந்தா உறைஞ்ச முகத்து மேலயே கலங்கல் ஏறிரும், அரை இருட்டுலதான் இது நிக்கும்.

மலைக்கு மட்டும் ஒரு தொந்தரவு இருக்கு, மூடுபனி. மேட்டுப்பாளையம் ரோட்டுல பனி இறங்கும்போது ஹைபீம் போட்டா முன்னாடி வெள்ளை சுவர்தான் தெரியும்ல, கேமரா தலையில ஃப்ளாஷை மாட்டினா அதேதான், லென்ஸுக்கு பக்கத்துல இருக்கிற பனித்துளி எல்லாம் வெளிச்சத்தை திருப்பி அடிக்கும். தூரம் ரெண்டு மடங்கானா ஃப்ளாஷ் வெளிச்சம் நாலுல ஒரு பங்காயிரும், அதனால கிட்ட இருக்கிற துளிதான் ஜெயிக்கும். ஃப்ளாஷை கழட்டி, தள்ளி இருந்தும் அடிக்க வைக்கிற ஒரு ட்ரிக்கர் போட்டு, கூட வந்தவங்க கையில குடுத்து பக்கவாட்டுல நிக்க வைங்க. கூடவே ஃப்ளாஷுக்கு ஆரஞ்சு ஜெல் (கலர் கண்ணாடித்தாள்) ஒண்ணு ஒட்டுங்க, வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற கெல்வின் கணக்குல ஃப்ளாஷ் 5500 பக்கம் இருக்கும், மஞ்சள் பல்பு 2700 பக்கம், ஜெல் இல்லைன்னா ஆள் நீலமா தனியா ஒட்டி வச்ச மாதிரி இருப்பாங்க.

மேனுவல்ல ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/4, ஃப்ளாஷ் ஒரு ஸ்டாப் கம்மி (அதாவது பாதி வெளிச்சம்), ரியர் கர்ட்டன், இதுல ஆரம்பிங்க. ஆட்டம் வேகம் எடுத்ததும் 1/8க்கு மாத்துங்க, இல்லைன்னா கோடு ரொம்ப நீண்டு உறைஞ்ச உருவத்தையே முழுங்கிரும்.