முட்டை சரி, டியூப்?

தாராவியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: குழந்தை தங்கவில்லை, ஆனால் பீரியட்ஸ் மாதம் தவறாமல் வருகிறது, சோனோகிராபியில் (ஸ்கேனில்) முட்டை வளர்ந்து வெடிப்பதும் தெரிகிறது, அப்புறம் எதற்கு டாக்டர் டியூப் டெஸ்ட், அதாவது கருக்குழாய்ப் பரிசோதனை, எழுதுகிறார்?

ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதிக்கலாம். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். தைராய்டு, பால் சுரப்புக்கான புரோலாக்டின் ஹார்மோன், சினைப்பை நீர்க்கட்டி எனப்படும் பிசிஓஎஸ் எல்லாம் பார்ப்பார்கள். கணவரின் விந்துப் பரிசோதனையும் முதலிலேயே நடக்க வேண்டும். சரி, எல்லாம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முட்டை வெளிவந்தது வரைதான் சோனோகிராபி சொல்லும். அது போய்ச் சேர்ந்ததா?

சினைப்பையும் கருக்குழாயும் நேராக இணைந்தவை அல்ல. குழாயின் நுனியில் விரல் விரலாகத் தொங்கும் ஓரங்கள், முட்டை வெளிவரும் நேரத்தில் சினைப்பை மேல் படிந்து துழாவி, 0.1 மில்லிமீட்டர் முட்டையை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. இடது சினைப்பையும் வலது குழாயும் மட்டுமே மிஞ்சிய பெண்கள்கூட இயற்கையாகக் கருத்தரித்திருக்கிறார்கள்! உள்ளே, மடிப்பு மடிப்பான சுவரில் நுண்ணிழைகள் கருப்பையை நோக்கி ஓயாமல் அடிக்கின்றன. விந்தணுவோ எதிர்த்திசையில் நீந்தி வருகிறது. சுமார் 10 சென்டிமீட்டர் குழாய்க்குள் இரண்டும் சந்திக்க முட்டைக்கு இருப்பது ஒரே நாள். சந்தித்த பிறகும் கரு மூன்று, நான்கு நாள் அங்கேயே வளர்ந்துதான் கருப்பைக்கு இறங்குகிறது. உடம்பில் இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது.

இந்த மடிப்புகளை, உடலுறவில் பரவும் கிளாமிடியா தொற்றும், கருப்பை உட்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸும் கெடுக்கலாம். நம் நாட்டில் டிபியையும் மறக்கக்கூடாது. நுரையீரலில் எப்போதோ நுழைந்த கிருமி ரத்தம் வழியாக, பெரும்பாலும் இரண்டு குழாய்களுக்கும் போகிறது. இருமல், காய்ச்சல் எதுவும் இல்லாமல், குழந்தை தங்காததே முதல் அறிகுறியாகலாம்.

டியூப் டெஸ்டில், பீரியட்ஸ் முடிந்த சில நாட்களில், கருப்பை வாய் வழியாக ஒரு திரவத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அது குழாய் நுனியில் சிந்தினால் வழி திறந்திருக்கிறது. கொஞ்சம் வலிக்கும். தசை இறுகினாலும் அடைப்பு போலத் தெரியும் என்பதால், சந்தேகமிருந்தால் லேப்ராஸ்கோபியில் (வயிற்றில் சிறு துளையிட்டு கேமராவால் பார்ப்பது) நீலச் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். நுண்ணிழை அடிக்கிறதா என்பதை மட்டும் இந்தச் சோதனைகள் காட்டாது.

1986 ஆகஸ்ட் 6 அன்று, மும்பை பரேல் கேஇஎம் மருத்துவமனையில், டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவின் முயற்சியால் சோதனைக்குழாய் குழந்தை பிறந்தது. கருக்குழாயையே தாண்டிப்போகும் வழி அது. பெருமைதான். ஆனால் குழாய் டிபியில் கிருமிகள் மிகக் குறைவாக இருப்பதால் இன்றைய சோதனைகள் பலமுறை தவறவிடுகின்றன. அதைச் சீக்கிரம் பிடிக்கும் ஆராய்ச்சிக்கு அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன். நாகதோஷம் என்று பரிகாரத்துக்கு ஊருக்கு அலையும் மாதங்களில் தழும்பு ஏறிக்கொண்டே போகிறது.

வாசகிக்கு: வீட்டில் யாருக்காவது டிபி இருந்திருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உறுதியானால் அரசு மையங்களில் மருந்து இலவசம், வழக்கமாக ஆறு மாதம். தழும்பேறிய குழாய் திரும்பாது. கருப்பையின் உட்படலம் நன்றாக இருந்தால் ஐவிஎஃப் என்ற அந்தச் சோதனைக்குழாய் முறையைச் செய்யலாம்.