வீட்டுக்கு மேல் ஈ.பி. லைன் மாறுகிறதா? கையெழுத்துப் போடும் முன்

"பழைய லைன்தான், கம்பியை மட்டும் பெரிசா மாத்துறோம்." தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அளவெடுக்க வருபவர்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். இதை நம்பிப் பலர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். 110 கே.வி. (கிலோவோல்ட், மின்னழுத்த அளவு) லைனுக்குக் கீழே ஒதுக்கும் பாதையின் அகலம் 22 மீட்டர். 220 கே.வி. வகைக்கு 35 மீட்டர். தமிழ்நாட்டின் 230 கே.வி.யும் இந்த வகைதான். 110-ஐ 230 ஆக மாற்றினால் இரண்டு பக்கமும் ஆறரை ஆறரை மீட்டர் உங்கள் நிலம் புதிதாக உள்ளே போகிறது. நேற்று வரை தள்ளி இருந்த மாட்டுக்கொட்டகை இன்று லைனுக்குக் கீழே நிற்கும். 765 கே.வி. என்றால் பாதையே 64 முதல் 67 மீட்டர்.

அதனால் முதல் கேள்வி: எத்தனை கே.வி., லைன் யாருடையது? ஊருக்குள் வரும் 11, 33 கே.வி. மின்பகிர்மானக் கழகத்துடையது. 110, 230 கே.வி. மாநில அரசின் மின்தொடரமைப்பு நிறுவனமான டான்டிரான்ஸ்கோ. 765 கே.வி. என்றால் பெரும்பாலும் மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனம். இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுக்கும் மனு தவறான மேசைக்குப் போய் அங்கேயே கிடக்கும்.

11, 33 கே.வி.க்கு 2006-ஆம் ஆண்டின் உரிமதாரர் (அதாவது மின் நிறுவனம்) பணி விதிகள் பொருந்தும். உங்கள் நிலத்திலோ வீட்டுக்கு மேலோ வேலை செய்ய முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும். ஆட்சேபித்தால் மாவட்ட ஆட்சியரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். அவர் அனுமதி தரும்போது இழப்பீடோ, ஆண்டு வாடகையோ, இரண்டுமோ நிர்ணயிக்க வேண்டும். இந்த ஆண்டு வாடகையை ஈ.பி. ஆபீசில் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் மனுவில் எழுதிக் கேட்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சம்மதத்தை "உரிமையாளர் அல்லது அனுபவதாரர்" தரலாம் என்கிறது விதி. நீங்கள் ஓசூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள். இங்கே நிலத்தைப் பார்க்கும் குத்தகைதாரரிடம் "சும்மா ஒரு கையெழுத்து" வாங்கிப் போய்விடுவார்கள். வீட்டில் இருப்பவர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், தோட்டம் பார்ப்பவர்கள் எல்லோரிடமும் இன்றே சொல்லி வையுங்கள்.

பெரிய லைன்களுக்கு மின்சாரச் சட்டம் 2003-ன் 164-ஆம் பிரிவின்கீழ் 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கும். அப்போது உங்கள் சம்மதம் தேவையில்லை. தடுத்தால் ஆட்சியர் ஆணை போடுவார். அதற்குப் பிறகும் குறுக்கே நின்றால் குற்ற வழக்கு. ஆனால் அந்த அதிகார ஆணையின் நகலைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வாயால் "எங்களுக்குப் பவர் இருக்கு" என்பது போதாது.

நிலம் கையகப்படுத்தப்படுவதில்லை, பயன்படுத்தும் உரிமை மட்டும்தான் போகிறது. பட்டா உங்கள் பெயரிலேயே இருக்கும். கிரையப் பத்திரம், தானப் பத்திரம் என்று எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை எழுதாத சம்மதப் படிவத்திலும் போடாதீர்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். 66 கே.வி.யும் அதற்கு மேற்பட்டதுமான லைன்களுக்கு மத்திய மின் அமைச்சகம் 2015-ல் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2024 ஜூனில் அது 200, 30 சதவீதமாக உயர்ந்தது. 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு இடையிலான லைன்களுக்குப் பாதை இழப்பீடு ஊரகத்தில் 30, நகராட்சி, பேரூராட்சியில் 45, மாநகராட்சியில் 60 சதவீதம் என்றானது. ஓசூர் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மாநில லைனுக்கு இவை தாமாகப் பொருந்தாது. எந்த அரசாணைப்படி கணக்குப் போட்டார்கள் என்று எழுதிக் கேளுங்கள்.

அடிநிலம் என்பது நான்கு கான்கிரீட் கால் மட்டும் அல்ல. நான்கு காலுக்கும் நடுவே உள்ள முழுப் பரப்பும், ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டரும் சேர்த்து. கால்களுக்கு இடையே 10 மீட்டர் என்றால் 12-க்கு 12, அதாவது 144 சதுர மீட்டர், சுமார் மூன்றரை சென்ட். நான்கு குழியை மட்டும் அளந்து தாள் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

கிருஷ்ணகிரியில் மா, தருமபுரியில் புளி. மரத்துக்குத் தனி இழப்பீடு உண்டு. ஆனால் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) "தரிசு" என்று இருந்தால் மரமே இல்லை என்று ஆகிவிடும். வெட்டுவதற்கு முன்பே வி.ஏ.ஓ.விடம் மர எண்ணிக்கையை அடங்கலில் ஏற்றுங்கள், ஒவ்வொரு மரத்தையும் படம் எடுங்கள், தோட்டக்கலைத் துறை மதிப்பீட்டைக் கேளுங்கள். பயிர்ச் சேதம் குழி தோண்டும்போது, கோபுரம் ஏற்றும்போது, கம்பி இழுக்கும்போது என மூன்று தடவை வரும். ஒரு தடவை பணம் கொடுத்து மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவார்கள்.

பட்டா தாத்தா பெயரில் இருந்தால் காசோலை நின்றுவிடும். கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி கையெழுத்துப் போடாவிட்டாலும் அதே கதி. வாரிசுச் சான்றுக்கும் பெயர் மாற்றத்துக்கும் நோட்டீஸ் வந்த அன்றே மனுப் போடுங்கள். லைன் வேலை அதற்காகக் காத்திருக்காது.

வீடு என்றால் பேச்சு இத்தனை மீட்டர் இடைவெளி என்று அளவில் இருக்க வேண்டும். கதிர்வீச்சு, உடல்நலம் என்று மட்டும் எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரு வரிப் பதிலோடு முடியும். இடைவெளி குறைகிறது என்று எழுதினால் பொறியாளர் பதில் சொல்லியே ஆக வேண்டும். கூரைக்கு மேல் 33 கே.வி. வரை 3.7 மீட்டர், 110-க்கு 4.6, 230-க்கு 5.5. பக்கவாட்டில் 11 கே.வி.க்கு 1.2 மீட்டர், 33-க்கு 2, 110-க்கு 2.9, 230-க்கு 3.8. மேலிடைவெளி கம்பி மிக அதிகமாகத் தொய்யும் நிலையில், வீட்டின் மிக உயரமான பகுதியிலிருந்து. மாடிப்படிக் கூண்டையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். கம்பி சூட்டில் தொய்யும். காலைக் குளிரில் அளந்தது செல்லாது. நீங்கள் கழியோ இரும்புக் குழாயோ தூக்கி அளக்கவே கூடாது. உதவிச் செயற்பொறியாளரை வரவழைத்து, அளந்ததை எழுத்தில் வாங்குங்கள்.

லைன் முதலில் வந்ததா, வீடு முதலில் வந்ததா என்பதுதான் அடுத்த சண்டை. பழைய லைனுக்கு அருகில் பிறகு கட்டியிருந்தால் நகர்த்தும் செலவு உங்கள் தலையில். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, வரைபட அனுமதி மூன்றிலும் தேதி பாருங்கள். நத்தத்தில் பட்டா இல்லாதவர்களுக்கு முதல் இரண்டுமே கவசம். அனுமதியில்லாமல் பிறகு எழுப்பிய முதல் மாடியைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஊராட்சிகள் கிராம சபையில் "லைன் வேண்டாம்" என்று தீர்மானம் போடுகின்றன. அது கோப்பில் தூங்கும். ஆனால் ஊராட்சியின் பொறுப்பில் உள்ள சொத்தில் அதன் அனுமதி இல்லாமல் லைன் போட முடியாது என்கிறது தந்திச் சட்டம் பிரிவு 10. நிபந்தனை விதிக்கும் உரிமை பிரிவு 12-ல். ஆகவே தீர்மானத்தில் புல எண், ஊராட்சிச் சாலை, பள்ளி, தண்ணீர்த் தொட்டி என்று பெயர் குறித்து எழுதுங்கள். உடைக்கும் சாலையைச் சரிசெய்யும் செலவு, வேலை நேரம், கம்பி உயரம் ஆகியவற்றை நிபந்தனையாக்குங்கள். எல்லாப் புறம்போக்கும் ஊராட்சியுடையது அல்ல. அ-பதிவேட்டை (கிராம நிலப் பதிவேடு) பார்த்துவிட்டு எழுதுங்கள். தலைவர் இல்லாத காலத்தில் அனுமதிக் கடிதம் தனி அலுவலரிடமிருந்து போகும். அவருக்கு ஊர் தெரியாமல் கையெழுத்தாகிவிடும் என்பதால் ஆட்சேபத்தை முன்பே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அலைக்கழிப்பு எப்போதும் ஒரே தடத்தில்தான். மதிப்பு வருவாய்த் துறை போட வேண்டும் என்பார் பொறியாளர், பணம் ஈ.பி. தர வேண்டும் என்பார் தாசில்தார். ஒரே மனுவை ஆட்சியருக்கு எழுதி, செயற்பொறியாளர், கோட்டாட்சியர், தாசில்தாருக்கு நகல் போடுங்கள். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு: பாதை வரைபடம், 164 ஆணை நகல், உங்கள் புல எண்ணுக்கான இழப்பீட்டுக் கணக்குத் தாள். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு.

தொகை போதவில்லை என்றாலும் காசோலையை மறுக்க வேண்டியதில்லை. "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொண்டேன்" என்று ரசீதிலேயே எழுதுங்கள். தந்திச் சட்ட அதிகாரத்தில் போட்ட லைன் என்றால் பிரிவு 16(3)-ன்கீழ் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி மாவட்ட நீதிபதியிடம் கூடுதல் கேட்கலாம். 2006 விதியில் வந்த ஆணை என்றால் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மறுஆய்வு. அப்போது கேட்கப்படுவது வேலை தொடங்கும் முன் எடுத்த படமும், ஒப்புகை முத்திரை விழுந்த உங்கள் முதல் ஆட்சேப மனுவும்தான்.