"சித்தப்பா எண்டு சொல்லுங்க"

வெலிகந்தையைத் தாண்டி, அதிகாலை மூன்று மணி இருக்கும். கட்டுநாயக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த கார் ஒன்று, விளக்கில்லாமல் வீதியோரம் நின்ற லொறியின் பின்பக்கத்தில் மோதியது. பின் ஆசனத்தில் இருந்தவர் களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஆள். கட்டாரிலிருந்து வரும் மகனைக் கூட்டிவரப் போனவர். தொடை எலும்பு முறிந்துவிட்டது. அந்த வலியிலும் அவருக்கு நன்றாக நினைவிருப்பது, சாரதிப் பொடியன் காதருகே குனிந்து கெஞ்சியதுதான்.

"ஐயா, பொலிஸ் கேட்டா ஹயர் எண்டு சொல்லிராதீங்க. என்ட சித்தப்பா எண்டு சொல்லுங்க."

கார் பொடியனுடையது இல்லை. ஓர் அரசாங்க உத்தியோகத்தருடையது. கிழமைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு இவன் ஓட்டுகிறான். கார் போனால் பிழைப்பும் போகும். பாவம் பார்த்து இவரும் பொலிஸுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் சித்தப்பா ஆனார். அந்த வாக்குமூலத்தின் பிரதியோடு அவர் என் சட்ட அலுவலகத்துக்கு வந்தபோது விபத்து நடந்து இருபத்திரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பொடியன் ஏன் அப்படிக் கெஞ்சினான் என்றால், அந்தக் காரின் காப்புறுதிப் பத்திரத்தில் பாவனை என்ற இடத்தில் 'தனிப்பட்ட பாவனை' என்று இருந்தது. வாடகைக்கு ஓட்டும் வாகனத்துக்குத் தவணைப் பணம் கூட. அதை மிச்சம் பிடிக்கத்தான் பலர் தனிப்பட்ட பாவனை என்று போட்டுவிட்டு ஹயர் ஓடுகிறார்கள். புல் இன்சூரன்ஸ் இருக்கிறது, பயமில்லை என்பார்கள். புல் என்றால் எல்லாவற்றுக்கும் என்று அர்த்தமில்லை. பத்திரத்தில் எழுதிய பாவனைக்குள் நடந்ததற்குத்தான். ஹயர் என்று தெரிந்ததும் காரின் சேதத்துக்கான கோரிக்கையை நிறுவனம் தட்டிவிடலாம்.

அப்படியென்றால் சித்தப்பா என்று சொன்னது பயணிக்காவது உதவியதா? அதுவும் இல்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் வாகனம் வைத்திருக்கும் எல்லோருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகிறது. வீதியில் போகிறவர், சைக்கிளில் வருகிறவர் எல்லாம் அதற்குள் வருவார்கள். ஆனால் வாகனத்துக்குள் இருக்கும் பயணியின் கதை வேறு. கூலிக்கு ஏற்றப்படும் பயணிக்குக் காப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் வற்புறுத்துகிறது. உறவுக்காரன் என்று சும்மா ஏறிப்போகிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இப்போது பாருங்கள்: ஹயர் என்றால் பத்திரத்தின் பாவனையை மீறியாயிற்று என்று நிறுவனம் சண்டைக்கு வரும். சித்தப்பா என்றால், சும்மா வந்த ஆளுக்கு எங்களிடம் காப்பே இல்லை என்று சொல்லும். இரக்கப்பட்ட மனுஷன் இரண்டு பக்கமும் அடிவாங்கினார்.

"பேஸ்புக்கில பாத்தேன் சேர், செயலி நிறுவனம் மில்லியன் டொலர் குடுக்குமாமே" என்று அவருடைய மகன் கேட்டார். அது அமெரிக்கக் கதை. அங்கே ஊபர் போன்ற, போனில் வாடகைக் கார் பிடித்துத் தரும் செயலி நிறுவனங்களுக்கு, சாரதி செயலியைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு காப்பு, பயணத்தை ஏற்றதிலிருந்து பயணி இறங்கும் வரைக்கும் பத்து லட்சம் டொலர் வரையான பொறுப்புக் காப்பு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இங்கே பிக்மி என்ற உள்ளூர்ச் செயலியும் ஊபரும் 2015இல் கொழும்பில் ஓடத் தொடங்கின. நம்முடைய மோட்டார் சட்டமோ செயலி என்ற சொல்லே இல்லாத காலத்தில் எழுதியது. அதனால் வழக்கு என்று வந்தால் சாரதி யார், சொந்தக்காரர் யார், பத்திரத்தில் என்ன பாவனை என்ற பழைய கேள்விகள்தான் முதலில் வரும். செயலி நிறுவனங்களின் நிபந்தனைகளை வாசித்தால், நாங்கள் சாரதியையும் பயணியையும் இணைத்துவிடுகிறவர்கள் மட்டுமே என்ற தொனிதான் இருக்கும். நிறுவனம் பயணிக்கு ஏதாவது விபத்துக் காப்பு வைத்திருந்தாலும், பயணம் செயலியில் பதிவாகியிருந்தால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும்.

இவருடைய பயணம் பதிவாகவில்லை. முன்பு ஒருமுறை செயலி வழியாக வந்த பொடியன்தான் இவன். "இனி நேரா எனக்கு எடுங்க ஐயா, கொமிஷன் மிச்சம், உங்களுக்கும் குறைச்சுத் தாறன்" என்று இலக்கம் கொடுத்திருக்கிறான். மிச்சம் பிடித்தது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

எங்களைக் காப்பாற்றியது லொறி. காருக்குள் இருந்தவர் லொறிக்காரருக்குச் சந்தேகமே இல்லாத மூன்றாம் தரப்பு. சித்தப்பா என்றாலும் வாடகைப் பயணி என்றாலும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் மாறாது. இரண்டு பேருடைய கவனயீனமும் சேர்ந்து ஒரு சேதம் வந்தால் இருவரையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாக்கலாம். யாருடைய பிழை எவ்வளவு என்று நீதிமன்றம் பங்கு பிரிப்பதற்கு 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. காரின் சொந்தக்காரரையும் சேர்த்தோம். ஆனால் அவருக்காக, அவருடைய வேலையாக ஓட்டினான் என்று காட்டினால்தான் அவர் மாட்டுவார். காரை வாடகைக்கு விட்டேன், அவன் தன் தொழிலைப் பார்த்தான் என்று அவர் தரப்பு சொல்கிறது. லேசில் தட்டிவிட முடியாத வாதம்தான்.

இருபத்திரண்டு மாதம் என்றேனே, ஏன் தாமதம் என்று கேட்டேன். "பொலிஸ் கேஸ் நடக்குதுதானே, அதில நட்டஈடு வரும் எண்டு இருந்தன்" என்றார். இது நம் பகுதியில் தினமும் கேட்கும் பதில். நீதவான் நீதிமன்றத்தில் பொலிஸார் போடுவது குற்ற வழக்கு. அங்கே கட்டும் தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகிறது. கால் முறிந்ததற்கும் வேலை இழந்ததற்கும் உரிய நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போட வேண்டும். அதற்குக் காலாவதிச் சட்டம் தருவது 2 வருடம். அதுவும் விபத்து நடந்த நாளிலிருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தோ பொலிஸ் வழக்கு முடிந்த நாளிலிருந்தோ அல்ல. மறுகா பாப்பம் என்று விட்டுவிட்டு மூன்றாவது வருடம் வருகிறவர்களுக்கு நான் தேநீர் கொடுத்து அனுப்புவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. வழக்குப் போட முன்னரோ, போட்டு 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கவும் வேண்டும். அதைத் தவறவிட்டால், தீர்ப்பில் வென்றாலும் நிறுவனத்திடம் கேட்க முடியாது.

இன்னொன்று, அந்த வாக்குமூலம். சிங்களத்தில் எழுதியிருந்தது. இவருக்குச் சிங்களம் பேச்சளவில்தான். வாசித்துக் காட்டினார்களா என்றால், "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டன்". தமிழில் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. தமிழ் தெரிந்தவர் அந்த நேரம் நிலையத்தில் இல்லையென்றால் காத்திருங்கள். வேறு மொழியில் எழுதியதை விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். வலியில் கிடக்கும்போது இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். அதனால்தான் கூடப் போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காப்புறுதி நிறுவனத்தின் 'முழுதும் இறுதியுமான தீர்வு' என்று எழுதிய பற்றுச்சீட்டுக்கும் இதே கதைதான்.

வாக்குமூலத்தை இனி மாற்ற முடியாது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவர் கூண்டில் ஏறி விளக்க வேண்டியிருக்கும். வாடகை பேசிய தொலைபேசிக் குறுஞ்செய்தி ஒன்று மகனுடைய போனில் அழிக்காமல் இருந்தது. அதை ஆவணமாக இணைத்திருக்கிறோம். வழக்குப் போட்டது பொலன்னறுவையில், விபத்து நடந்த இடத்து நீதிமன்றத்தில். தவணைக்குத் தவணை அவர் பஸ்ஸில்தான் வருகிறார்.