மஞ்சப்பையில் வந்த ஞாபக மருந்துகள்

போன ஆடி மாதம் ஒரு மருமகள் தன் மாமனாரை அழைத்து வந்தார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். (அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் அந்த அம்மா ஒரு மஞ்சப்பையை என் மேசையில் கவிழ்த்தார். வல்லாரை மாத்திரை ஒரு டப்பா, பிரம்மி சிரப் இரண்டு பாட்டில், வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய ஜிங்கோ என்ற மர இலைச் சாரத்து மாத்திரை, அப்புறம் சந்தையில் வாங்கிய லேபிள் இல்லாத ஒரு லேகியம்.

"எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு டாக்டர். காலைல சாப்பிட்டத பத்து மணிக்கு மறந்துடுறாங்க. சாப்பாடே போடலைன்னு பக்கத்து வீட்டுல போய்ச் சொல்றாங்க. வேற நல்ல மூலிகையா குடுங்க."

நான் சித்த மருத்துவன். மூலிகை எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ஞாபக மறதி என்று வருபவர்களிடம் முதல் நாளில் நான் மூலிகையை எடுப்பதில்லை. பையின் அடியில் இன்னும் ஒரு கவர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பார்த்தேன். மெட்ஃபார்மின். "அது சுகர் மாத்திரை, ஒம்பது வருஷமா போடுறாங்க" என்றார், அது கணக்கில் வராது என்பதுபோல.

பெரியவரிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறதாம். செருப்பு கழன்று விழுவது சில நேரம் தெரியாதாம். ராத்திரி பாத்ரூம் போகும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார். நாக்கை நீட்டச் சொன்னேன். மேல்தோல் உரிந்தது போல வழவழவென்று சிவந்து இருந்தது. சுத்த சைவம், பாலும் பிடிக்காது, கடுங்காப்பிதான். இவ்வளவும் சேர்ந்தால் சந்தேகம் ஒரே பக்கம்தான் போகும். ரத்தத்தில் வைட்டமின் பி12 பார்த்ததில் மில்லிலிட்டருக்கு 118 பிக்கோகிராம். பொதுவாக 200-க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. உணவில் அசைவமும் பாலும் இல்லாதவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பி12 குறைந்தால் நரம்பும் கெடும், ஞாபகமும் தடுமாறும். பொது மருத்துவரிடம் அனுப்பினேன், ஊசி போட ஆரம்பித்தார்கள்.

இந்த ஊசியை வல்லாரையால் ஈடுகட்ட முடியாது. நான் சொல்ல வருவது இதைத்தான். மறதி ஒரு நோயல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. தைராய்டு சுரப்பு குறைந்தால் மறதி வரும். மனச்சோர்வில் வரும். காது கேளாமையை மறதி என்று நினைத்து அழைத்து வருபவர்கள் உண்டு. சொன்னதே காதில் விழாதபோது ஞாபகம் எங்கிருந்து வரும்? தூக்க மாத்திரையைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்கும், சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளைத் தினமும் போடும் முதியவர்களுக்கும் புத்தி மந்தமாகும். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, அன்றைக்கு ஒன்றும் ஆகாமல், மூன்று வாரம் கழித்துத் தலைக்குள் ரத்தம் கட்டி மறதியும் நடை தள்ளாட்டமுமாக வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு மாதம் லேகியம் கொடுத்துப் பார்ப்பது என்பது ஒரு மாதத்தைத் தொலைப்பது. சரி, இதெல்லாம் சோதித்து ஒன்றும் இல்லை என்றான பிறகு மூலிகைக்கு வருவோம்.

முதல் சிக்கல் பெயரில் இருக்கிறது. "பிரம்மி" என்று கேட்டால் கேரளத்தில் நீர்ப்பிரம்மியைக் கொடுப்பார்கள். வடக்கே பல இடங்களில் அதே பெயருக்கு நம் வல்லாரை வரும். இரண்டும் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். நீர்ப்பிரம்மி வயல் வரப்பிலும் ஈரத்திலும் படரும். சின்னச் சின்னத் தடித்த இலை, வெளிர் ஊதா கலந்த வெள்ளைப் பூ, வாயில் வைத்தால் கடுங்கசப்பு. வல்லாரை நீண்ட காம்பில் தவளைக் கால்தடம் போல வட்ட இலை. ஒரு பக்கம் பிளவு இருக்கும், காம்பு அந்தப் பிளவில்தான் சேரும். நர்சரிகளில் அழகுக்கு விற்கும் ஒரு செடியின் இலையில் காம்பு நடு வயிற்றில் குடைக்கம்பி மாதிரி சேர்ந்திருக்கும். அது வல்லாரை இல்லை. அதைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்த ஒரு வீட்டுக்காரரையும் பார்த்தாயிற்று. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஞாபகத்துக்கு என்று விற்கும் சங்கபுஷ்பியின் கதையும் இப்படித்தான். தென்னாட்டில் நீலச் சங்குப்பூவைக் காட்டுவார்கள். வடக்கே அது வேறொரு செடி. விஷ்ணுகிரந்தியை அந்தப் பெயரில் விற்பவர்களும் உண்டு. ஆகவே பாட்டிலில் பெரிய எழுத்தில் உள்ள பெயரைப் பார்க்காதீர்கள். பின்னால் பொடி எழுத்தில் தாவரப் பெயர் இருக்கும், அதைப் படியுங்கள்.

நம் ஊர் மூலிகைகளில் நினைவாற்றலுக்கு மனிதர்களிடம் ஓரளவு சோதித்துப் பார்க்கப்பட்டது நீர்ப்பிரம்மிதான். 2001-ல் ஆஸ்திரேலியாவில் ஆரோக்கியமான 46 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு வெளிவந்தது. தினம் 300 மில்லிகிராம் சாரம். கற்கும் வேகத்தில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, அதுவும் 12 வாரம் ஆன பிறகு. ஐந்தாவது வாரத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பிப்ரவரி கடைசியில் வந்து "மார்ச்ல பிளஸ் டூ பரீட்சை, ஞாபக சக்திக்கு ஏதாவது" என்று கேட்கும் பெற்றோரிடம் இந்த 12 வாரக் கணக்கைச் சொல்வேன். முகம் வாடிப்போகும். பையனைச் சீக்கிரம் தூங்க விடுங்கள் என்றால் இன்னும் வாடும். நீர்ப்பிரம்மி சிலருக்கு வயிற்றைப் புரட்டும், பேதியாகும். வெறும் வயிற்றில் வேண்டாம்.

வல்லாரைக்கு வருகிறேன். "வல்லாரை உண்டவரிடம் மல்லாடாதே" என்ற பழமொழியோடு வளர்ந்தவன் நான். எனக்கு அந்தக் கீரை மேல் பிரியம் உண்டு. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். காயம் ஆற்றுவதில் வல்லாரைக்கு இருக்கும் அளவுக்கு ஆதாரம் நினைவாற்றலில் இல்லை. சோதனைகள் சிறியவை, முடிவுகள் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. கீரையாக வாரம் இரண்டு நாள் சாப்பிடத் தயங்க வேண்டாம். உளுந்து, தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், மிளகு வைத்து வதக்கி அரைத்தால் நல்ல துவையல். யாழ்ப்பாணத்துக்காரர்கள் பச்சையாக நறுக்கித் தேங்காய்ப்பூவோடு சம்பல் போடுவார்கள், அதுவும் அருமை. மருந்தாக உண்ணும்போது புளியைத் தவிர்க்க வேண்டும் என்பது மரபு. மாத்திரையாகவோ சாரமாகவோ மாதக்கணக்கில் எடுத்தவர்களில் அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்ந்து போனாலோ உடனே நிறுத்துங்கள். ஏற்கனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கீரையோடு நின்றுகொள்ளலாம்.

அந்த மகன் அனுப்பிய ஜிங்கோவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவில் 75 வயது தாண்டிய 3,069 பேரிடம் சுமார் ஆறு வருடம் சோதித்து, 2008-ல் முடிவு வெளியிட்டார்கள். டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயை அது தடுக்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மூன்று விஷயங்களில் மட்டும் நான் கறாராக இருப்பேன். ஒன்று, வலிப்பு மாத்திரை. ஃபெனிடாய்ன் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சங்கபுஷ்பி சேர்ந்த சிரப்பையும் குடித்ததில், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வந்துவிட்டது. 1992-ல் வெளியான இந்திய ஆய்வு அது. அந்தச் சிரப் ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவைக் குறைப்பதை எலிகளிடமும் பார்த்தார்கள். "ஆங்கில மருந்தும் மூலிகையும் ஒன்றுக்கொன்று ஒன்றும் பண்ணாது" என்று உங்களிடம் யாராவது சொன்னால் இந்தச் சம்பவத்தைச் சொல்லுங்கள்.

இன்னொன்று வசம்பு. பேர் சொல்லா மருந்து என்று நம் பாட்டிமார் மரியாதையாகச் சொல்லும் அதே கிழங்கு. விளக்கில் சுட்டுக் கருக்கித் துளி உரைத்துத் தடவுவது அவர்கள் பழக்கம். இப்போது பேச்சு வரவும் புத்தி வரவும் என்று பச்சை வசம்பைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுக்கிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் நச்சுத்தன்மை கொண்டது. அமெரிக்காவில் 1968-லேயே உணவில் வசம்பு சேர்ப்பதைத் தடை செய்துவிட்டார்கள். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

மூன்றாவது அந்த லேபிள் இல்லாத லேகியம். எங்கள் மருத்துவத்தில் உலோகம் சேர்ந்த பற்பமும் செந்தூரமும் உண்டு. அவை முறையாக முடிக்கப்பட்டு மருத்துவர் கையிலிருந்து அளவோடு வர வேண்டியவை. சந்தையில் மைக் வைத்து விற்பவரின் டப்பாவில் ஈயம் இருக்கிறதா, பாதரசம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல யாருக்கும் கண் இல்லை. ஈயம் போய்த் தங்கிக் கெடுக்கும் இடங்களில் மூளையும் ஒன்று. உரிமம் எண், தயாரிப்புத் தேதி, தொகுதி எண் இல்லாததை வாங்காதீர்கள். மூளை நோயைக் குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது, அப்படியும் அந்த விளம்பரங்கள் என் போனிலேயே தினம் வருகின்றன.

பெரியவர் ஐப்பசியில் திரும்ப வந்தார். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பேரன்களின் பெயர் இன்னும் மாறிப்போகிறது. ஆனால் முன்பக்க மேசையில் மருந்துக் கட்டணம் கட்டிவிட்டு, "தம்பி, பத்து ரூபா கம்மியாக் குடுத்திருக்கீங்க" என்று உதவியாளரைப் பிடித்தார். எண்ணிப் பார்த்தால் ஆமாம். கையில் அதே மஞ்சப்பை, அதில் ஒரு கட்டு வல்லாரை எனக்காக.

"எங்க பறிச்சீங்க ஐயா?"

"நம்ம சாக்கட வாய்க்கா ஓரம்தான். அங்க என்னமா செழிச்சிருக்கு தெரியுமா!"

வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கன உலோகத்தையும் கிருமியையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் என்று சொல்லி அந்தக் கட்டைக் குப்பையில் போடச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கிளினிக்கின் பின்பக்கத் தொட்டியிலிருந்து வேரோடு இரண்டு கொடி பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தேன். அகலத் தொட்டியில், பாதி நிழலில் வைத்து, மண் காயாமல் தண்ணீர் விடச் சொன்னேன். மூன்று வாரத்தில் படர்ந்துவிடும்.