ஸ்கிரீனிங்குக்கு அல்ட்ராசவுண்ட் எழுதாதீர்கள்

"வயது 52. கட்டி இல்லை, வலி இல்லை. ஸ்கிரீனிங்குக்காக அல்ட்ராசவுண்ட், இரு மார்பகங்கள்." ஹவுஸ் சர்ஜன் கையெழுத்தோடு ஸ்கேன் அறைக்கு வரும் இப்படிப்பட்ட சீட்டுகளுக்குக் கணக்கே இல்லை. அறிகுறி இல்லாதவரிடம் மார்பகப் புற்றைத் தேடுவதுதான் ஸ்கிரீனிங்; அதற்கு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, ஏன் எழுதவில்லை என்று கேட்டால் ஒரே பதில்: "மேமோகிராம்ல ரேடியேஷன் இருக்கே." புற்றுநோயின் நிலைகளை வரிசை மாறாமல் ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் சொல்கிற பதில் இது!

அந்த ரேடியேஷன் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். பக்கத்துக்கு 2 வீதம் 4 படங்கள் எடுத்தால் உடலில் சேர்வது சுமார் 0.4 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்தப் படமும் எடுக்காத மனிதருக்கே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்து சேர்கிறது. ஆக, சும்மா இருந்தாலே இரண்டு மாதத்தில் கிடைத்துவிடும் அளவுதான். தலைவலிக்கு யோசிக்காமல் சி.டி. எழுதும் அதே கை இங்கே மட்டும் நடுங்குகிறது. அந்த சி.டி.யில் இதைப்போலப் பல மடங்கு கதிர்வீச்சு.

இந்தப் பயத்தால் கோட்டைவிடுவது எதை? பால்குழாயைத் தாண்டாத ஆரம்பநிலைப் புற்று பெரும்பாலும் கையில் தட்டுப்படாது. அரை மில்லிமீட்டருக்கும் சிறிய கால்சியத் துகள்களின் கூட்டமாகத்தான் அது தலைகாட்டும். மேமோகிராமில் அவை உப்பு தூவியதுபோலத் தெரியும். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தெரியாது. ஸ்கிரீனிங்கால் இறப்பு குறைகிறது என்று பெரிய ஆய்வுகளில் காட்டிய படமுறையும் மேமோகிராம்தான்.

அல்ட்ராசவுண்ட் மட்டம் என்று சொல்லவில்லை. 30 வயதுக்குட்பட்ட பெண்ணோ கர்ப்பிணியோ கட்டியோடு வந்தால் அதுதான் முதல் படம். நீர்க்கட்டியா, திடக்கட்டியா என்று பிரித்தறியவும், திசு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி ஊசிக்கு வழிகாட்டவும் அதைவிட எளிய கருவி இல்லை. மார்பகத் திசு அடர்ந்தது, அதாவது அடர்த்தி சி, டி என்று மேமோகிராம் அறிக்கை வந்தால் மேமோகிராமோடு கூடுதலாகச் சேர்க்கலாம். அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, ஒன்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்ளும். கூடுதலாகத்தான், பதிலாக அல்ல.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யாருக்கு? மார்பகப் புற்று அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கும், அந்தப் புற்று வரும் வாழ்நாள் அபாயம் 20 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கும். நரம்பில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து போடாமல் எடுத்தால் புற்றைத் தேட அது உதவாது. மாதவிலக்கு வருபவர்களுக்கு, தொடங்கிய நாளிலிருந்து 7 முதல் 14 நாளுக்குள் தேதி கொடுங்கள். முகாம்களில் காட்டும், உடல் வெப்பத்தைப் படமெடுக்கும் தெர்மோகிராபி இவை எதற்கும் மாற்றில்லை.

அறிக்கையையும் முழுதாகப் படியுங்கள், தயவுசெய்து. அதில் முடிவைச் சொல்லும் எண் வரிசைதான் பை-ராட்ஸ். பை-ராட்ஸ் 0 என்றால் 'ஒன்றுமில்லை' அல்ல. 'முடிவு சொல்ல இன்னும் படம் வேண்டும்'. அதை நார்மல் என்று நினைத்து வீட்டுக்கு அனுப்புவது மன்னிக்க முடியாத தவறு. பை-ராட்ஸ் 3 என்றால் 6 மாதத்தில் மறுபடம், தேதியைச் சீட்டிலேயே எழுதிக்கொடுங்கள். கையில் தட்டுப்படும் கட்டி சந்தேகத்துக்கு இடமாக இருந்தால், மேமோகிராம் சுத்தமாக வந்தாலும் பயாப்சி பயாப்சிதான்.

நோயாளியிடம் சொல்ல வேண்டியதும் கொஞ்சம் உண்டு. மேமோகிராம் எடுக்கும் அன்று அக்குளில் பவுடர், டியோடரண்ட் கூடாது. படத்தில் கால்சியத் துகள்போலவே விழும். மார்பை அழுத்துவது சில விநாடிகள்தான். அழுத்தினால்தான் திசு பரவும், அசைவு குறையும், கதிர்வீச்சும் குறையும். இதை முன்பே சொல்லாவிட்டால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். பழைய படங்கள் பீரோவில் கிடந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். அறிக்கை மட்டும் போதாது, படமே வேண்டும்.