எலி பிழைத்தால் எண்ணெய் பாதுகாப்பானதா?

மூலிகை எண்ணெயின் நச்சுத்தன்மையை அறிய முதல் சோதனைக்குப் பொதுவாக எடுப்பது மூன்று பெண் எலிகளை. இரவு பட்டினி போட்டு, நுனியில் சிறு குண்டு உள்ள வளைந்த ஊசிக்குழலை வாய்வழியே இரைப்பை வரை இறக்கி எண்ணெயைச் செலுத்துவார்கள். கிலோ எடைக்கு 2000 மில்லிகிராம் என்றால், 200 கிராம் எலிக்கு 400 மில்லிகிராம். அரை மில்லிலிட்டருக்கும் குறைவு. குழல் தவறி மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் எண்ணெய் நுரையீரலில் இறங்கி எலி செத்துவிடும். அந்தச் சாவை மூலிகையின் கணக்கில் எழுதக் கூடாது. அதனால்தான் இறந்த எலியை அறுத்துப் பார்ப்பது அவ்வளவு முக்கியம்.

முதல் சில மணி நேரம் கண்கொட்டாமல் பார்க்க வேண்டும். ரோமம் சிலிர்க்கிறதா, மூலையில் கூனிக் குறுகி உட்காருகிறதா, நடை தள்ளாடுகிறதா? அப்புறம் 14 நாள் கண்காணிப்பு. முன்பெல்லாம் பாதி விலங்குகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கவே ஏராளமான எலிகளைக் கொன்றார்கள். 1927-இல் வந்த அந்த முறையை, இத்தகைய சோதனைகளுக்கு வழிகாட்டிகள் வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி. 2002-இல் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கியது நல்ல முடிவு.

ஏனென்றால் அந்த ஒற்றை எண் எளிதில் ஏமாற்றிவிடும். வேப்பெண்ணெயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-இல் வெளியான ஆய்வில் பாதி எலிகளைக் கொல்லக் கிலோவுக்கு 14 மில்லி தேவைப்பட்டது. முயலுக்கு 24 மில்லி. கேட்டால் சாதுவான எண்ணெய் போலத் தோன்றும். ஆனால் அதை வெறும் சில மில்லி குடித்த கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்பு என்று மூளை பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்ததை 1980-களின் தொடக்கத்திலேயே மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். வளர்ந்த, நோயில்லாத எலியின் உடல் தாங்குவதைக் கைக்குழந்தையின் உடலும் தாங்கும் என்று சொல்ல முடியாது.

சரி, எலி சாகவில்லை என்றால்? குறைந்த அளவில் 28 அல்லது 90 நாள் தினமும் கொடுத்து, ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறுகின்றனவா என்று பார்ப்பார்கள். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்வார்கள். எந்தக் கெடுதலும் தெரியாத மிக உயர்ந்த அளவைப் பெரும்பாலும் 100-ஆல் வகுத்தே மனிதருக்கான அளவை மதிப்பிடுகிறார்கள். விலங்குக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாட்டுக்கு ஒரு 10, மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டுக்கு இன்னொரு 10.

இன்னொன்றும் உண்டு. ஒரே செடியின் எண்ணெய்கூட மண், பருவம், வடிக்கும் முறையைப் பொறுத்து மாறும். அதனால் எலியைத் தொடுவதற்கு முன்பே எண்ணெயில் என்னென்ன சேர்மங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று பகுத்துப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாத ஆய்வின் முடிவை வேறொரு புட்டியில் இருக்கும் எண்ணெய்க்குப் பொருத்திப் பார்க்க வழியே இல்லை.