அச்சுப்பிழையா, பட்டறை வேலையா?

நாணயம் கொஞ்சம் கோணலாகத் தெரிந்தால் போதும், "எரர் காயின் (அச்சடிக்கும்போதே பிழையான நாணயம்), எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்டு வருகிறார்கள். என் மேசைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை அடிபட்டவை அல்லது வேண்டுமென்றே மாற்றப்பட்டவை. விலையை அப்புறம் பேசலாம். அந்தக் குறை நாணயச்சாலைக்குள் நேர்ந்ததா, வெளியே வந்த பிறகு நேர்ந்ததா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது 'பிராக்கேஜ்' என்று விற்கப்படும் நாணயம். அச்சடித்த நாணயம் வெளியே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வெற்று வில்லையின் (இன்னும் அச்சடிக்காத உலோக வட்டின்) ஒரு பக்கத்தில் அந்த நாணயமே அச்சாகி, உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிகிறது. மறுபக்கம் வழக்கம்போலத் தெளிவாக இருக்கும். இதைப் போலியாகச் செய்கிறவர்கள் இரண்டு நாணயங்களைச் சேர்த்து வைஸில் (பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) இறுக்குகிறார்கள். அதிலும் இடவலம் மாறிய உருவம் விழும். ஆனால் உருப்பெருக்கியில் பாருங்கள்: அந்தப் பள்ளத்துக்கு அடியில் பழைய எழுத்துகள் நசுங்கிக் கிடக்கும். உண்மையான பிராக்கேஜில் அந்தப் பக்கம் வேறு அச்சைச் சந்தித்ததே இல்லை. நசுங்குவதற்கு அங்கே எழுத்தே கிடையாது. இது ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதிப் போலிகள் பிடிபடும்.

ஓரம் வெட்டுப்பட்ட நாணயமும் அப்படித்தான். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போது முந்தைய துளையின் மேல் வெட்டு விழுந்தால் பிறைபோல ஒரு துண்டு குறையும். அச்சு அதன் பிறகே விழுவதால், வெட்டுக்கு அருகில் எழுத்துகள் மங்கி, இழுபட்டுத் தெரியும். வெட்டுக்கு நேர் எதிரே உள்ள விளிம்பும் பல நேரங்களில் பலவீனமாக இருக்கும். அரத்தால் ராவிய நாணயத்திலோ எழுத்து கூர்மையாக வந்து சட்டென்று அறுபடும். ராவிய கோடுகளும் தெரியும்.

பத்து ரூபாய் நாணயத்தில் நடுவட்டம் திரும்பியிருக்கிறது என்று பெரிய விலை சொல்வார்கள். வளையத்தையும் நடுவட்டத்தையும் ஒரே அச்சு ஒரே அடியில் பதிக்கிறது. ஆகவே சிங்கம் சாய்ந்து, சுற்றியுள்ள எழுத்துகள் மட்டும் நேராக நின்றால், யாரோ நடுவட்டத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிப் பொருத்தியிருக்கிறார்கள்.

தண்டவாளத்தில் வைத்து நசுக்கியது, தீயில் கொப்பளித்தது, அமிலத்தில் மெலிந்தது எதற்கும் சேகரிப்பு மதிப்பு இல்லை. மெலிந்ததைத் தராசு காட்டிக்கொடுக்கும். 1992இல் வந்த செம்பு-நிக்கல் ஐந்து ரூபாயின் எடை 9 கிராம். 2009 முதல் வந்த நிக்கல்-பித்தளை ஐந்து ரூபாய் 6 கிராம். இரண்டுக்கும் விட்டம் 23 மி.மீ. பத்து ரூபாயின் எடை 7.71 கிராம், விட்டம் 27 மி.மீ. நூறில் ஒரு கிராம் காட்டும் சிறிய தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். புழக்கத்தில் தேய்ந்த நாணயம் சற்றுக் குறையும். எழுத்தெல்லாம் ஒரே சீராக ஒல்லியாகி, எடையும் கணிசமாகக் குறைந்திருந்தால் அமிலத்தைச் சந்தேகியுங்கள்.

விற்கப் போகிறவர்களும் கவனிக்க வேண்டும். பழைய நாணயம், நோட்டு விற்பனைக்கு ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம், கமிஷன், வரி கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நாணயத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல் லட்சங்களைச் சொல்லி, முதலில் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறவர் நாணயம் வாங்க வந்தவர் அல்ல. பணம் அனுப்பிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.